வெள்ளிக்கிழமைத் துண்டுகள்

2008 ஜூன் 10, செவ்வாய்

பலீல் நானா இன்றைக்கும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் தொழப் போனார். காலையிலிருந்து கொம்பியூட்டரில் ஓடிக்கொண்டிருந்த என் புரதத் தேடல் அப்படியே செத்துப்போனது. எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

கம்பஸில் ஒரு நல்ல கொம்பியூட்டர் இருக்கத்தான் செய்கிறது. அதை ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் பங்குபோட வேண்டும். பஸ்களில் குண்டு வெடிக்கத் தொடங்கியதிலிருந்து கண்டிக்குப் போவதே பெரும்பாடு. இரண்டு இடத்தில் இறங்கி, பையைத் திறந்து, அடையாள அட்டையைக் காட்டி, "மாத்தளையில எந்தத் தோட்டம்?" என்ற கேள்விக்கு நின்ற வாக்கில் பதில் சொல்லி, போய்ச் சேரும்போது என் முறை முடிந்திருக்கும். அதனால்தான் மாத்தளை டவுனில் பலீல் நானாவின் மாடிக் கடைக்கு வந்தேன். கீழே லாபிர் என்பவனின் மிளகு, கராம்பு மண்டி. மேலே நாலு கொம்பியூட்டர், ஃபோட்டோ கொப்பி, டைப்பிங்.

"நானா, ஒன்ன மட்டுமாவது ஓட விடுங்களேன்" என்றேன்.

"தங்கச்சி, கீழ மொளகு ஈக்குது, மேல கரண்ட் ஈக்குது. ஷட்டரப் போட்டா மெயினையும் எறக்கணும். இல்லாட்டி பள்ளில நின்டாலும் என்ட நெனப்பு இந்த வயர்லதான் ஈக்கும்."

பகல் லுஹர் தொழுகைக்கு ஒரு தரம், பின்னேரம் அஸருக்கு ஒரு தரம், கடை பூட்டும்போது ஒரு தரம். என் தேடலுக்கு நாலைந்து நாள் விடாமல் கரண்ட் வேண்டும். இந்த ஊரில் அது கிடைப்பதற்குள் எனக்கு நரைத்துவிடும்.

ஜூன் 12

அம்மா கேட்கிறாள்: "அந்த மணல் ஈய மருந்தடிச்சுக் கொன்னுட்டா முடிஞ்சிரும்தானே? இதுக்குப் போயி இத்தன வருசம் படிக்கணுமா?" எதிர்வீட்டில் இன்னொரு கமலாட்சி இருந்து, அவள் டீச்சராகிக் கல்யாணமும் முடித்திருந்தால் அம்மாவுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவேளை, எங்கள் தோட்டத்து லய வீடுகளில் கமலாட்சி நான் ஒருத்திதான்.

ஜூன் 16, திங்கள்

கம்பஸில் என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் மேடத்தைப் பார்த்தேன். செப்டெம்பர் கூட்டத்துக்குள் ஒரு நல்ல இலக்கையாவது காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் என் ஆராய்ச்சிப் பதிவை நீட்டிக்கும்படி அவரால் கேட்க முடியாதாம். "கேட்கமாட்டேன்" என்று சொல்லவில்லை, "கேட்க முடியாது" என்றுதான் சொன்னார். வித்தியாசம் எனக்குப் புரிகிறது. முடிவு ஒன்றுதான்.

இலக்கு என்றால் என்ன என்று அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் எழுதிவைக்கிறேன். எனக்கே மறந்துவிடும் போல் இருக்கிறது. மணல் ஈ கடித்தால் ஆறாத புண் வருகிறதே, அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. அதன் உடம்பில் எட்டாயிரத்துச் சொச்சம் புரதங்கள். எங்கேயோ பல கோடி வருடங்களுக்கு முன்னால் அதற்கும் நமக்கும் ஒரே மூதாதை என்பதால், பாதிக்கு மேல் நம்மிடமும் ஏதோ ஒரு சாயலில் இருக்கின்றன. அவற்றை அடித்தால் நமக்கும் அடி விழும். ஆகவே இரண்டு சல்லடை. முதல் சல்லடை: இந்த ஒட்டுண்ணியின் சொந்தக்காரர்கள் ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் பிரிந்துபோன பிறகும் கைவிடாமல் வைத்திருக்கும் புரதம் எது? இத்தனை காலம் விடவில்லை என்றால் அது இல்லாமல் வாழ முடியாது என்று அர்த்தம். இரண்டாவது சல்லடை: மனிதனிடம் அது இல்லவே இல்லையா? இரண்டிலும் தப்பி வருவதுதான் இலக்கு. அதை அடிக்கிற மருந்து ஒட்டுண்ணியைக் கொல்லும், மனிதனை விட்டுவிடும்.

போன வருடம் லக்கலைக்குப் போனபோது, காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிற, மூக்கில் புண் வந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் புண்ணுக்குள்ளேயே ஊசி போட்டதைப் பார்த்தேன். வாரா வாரம் போட வேண்டும். அவள் கத்தின கத்தலில் நான் வெளியே போய் நின்றுவிட்டேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை. பஸ் இல்லை என்றார்கள். பஸ் இருந்திருந்தாலும் வந்திருப்பாளா தெரியாது.

ஜூன் 20, வெள்ளி

வெட்டிவிட்டேன்! எட்டாயிரத்தையும் ஒரு தொழுகைக்கும் அடுத்த தொழுகைக்கும் இடையில் முடிகிற அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டிவிட்டேன். திங்கள்-காலை, திங்கள்-பகல், திங்கள்-மாலை, செவ்வாய்-காலை என்று பெயரும் வைத்தாயிற்று. உலகத்தில் வேறு எவளாவது பள்ளிவாசல் நேரத்துக்கு மரபணுவை வெட்டியிருப்பாளா?

கரண்ட் போய் வந்தால் அடுத்த துண்டை எடுக்க ஒரு சின்ன நிரலும் எழுதினேன். ஒரு துண்டுக்குப் பதில் கோப்பு இருந்தால் முடிந்தது என்று தாண்டும், இல்லாவிட்டால் தொடங்கும். பலீல் நானா எட்டிப் பார்த்து, "இப்ப சரிதானே, என்ட சுவிட்ச் மேல கோவமில்லதானே?" என்றார். இல்லை என்று பொய் சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

மனிதனின் புரதங்கள் முழுவதும், எழுத்து வரிசைகளாக, சீடியில் வந்து சேர்ந்தன. இங்குள்ள டெலிபோன் லைனில் அதை இறக்கினால் தீபாவளி வந்துவிடும். சித்தி கிருஷ்ணம்மாவின் மகன் செல்லச்சாமி கொழும்பில் கொம்பியூட்டர் சாமான் கடையில் நிற்கிறான். அவன் முதலாளியின் லைனில் இறக்கி, சீடி எழுதி, லாபிரின் மிளகு லொறியில் போட்டுவிட்டான். சீடியெல்லாம் கராம்பு வாசம். மேலே "கமலா அக்கா — மனுசன்" என்று எழுதியிருக்கிறான். கழுதை.

இன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை என்று பலீல் நானா பதினொன்றரைக்கே ஷட்டரை இழுத்தார். கொஞ்சம் பொறுங்கள் என்றால் யார் கேட்கிறார்கள்?

ஜூலை 14, திங்கள்

கிடைத்துவிட்டது!

முதல் சல்லடையில் நானூறு சொச்சம் மிஞ்சியது. அவற்றையும் கிழமை வாரியாக வெட்டி இரண்டாவதில் போட்டு ஆட்டினால், கையில் நிற்பவற்றை விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒன்று: எல்லாச் சொந்தக்காரர்களிடமும் கிட்டத்தட்ட எழுத்து மாறாமல் இருக்கிறது. மனிதனிடம் ஒரு தூரத்துச் சாயல் கூட இல்லை. வெற்றுக் கோப்பு. பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு சுத்தமாக ஒன்று வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

அம்மா இந்த வாரமும் ஒரு ஜாதகத்தோடு வந்தாள். "எனக்கு மாப்பிள்ளை கிடைச்சாச்சு" என்று புரதத்தின் பெயரைச் சொன்னேன். முறைத்தாள். இனி அதற்குப் பெயர் மாப்பிள்ளைதான்.

ஜூலை 16

மேடம் சிரித்தார். மூன்று வருடத்தில் இது இரண்டாவது தடவை. வெளிநாட்டில் அவருக்குத் தெரிந்த ஆய்வுகூடத்துக்கு உடனேயே மின்னஞ்சல் போட்டுவிட்டார். அவர்கள் மாப்பிள்ளையைச் செய்து சோதிக்கப்போகிறார்களாம். "மனிதத் தரவின் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஒரு தடவை அதோடும் ஒப்பிட்டுவிடு" என்றார். செல்லச்சாமிக்கு ஃபோன் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நிற்பதாக இருந்தானாம். ஞாயிறுதான் லைன் சும்மா கிடக்கும், அன்றைக்கே இறக்கிவிட்டு அடுத்த வாரம் வருகிறேன் என்றான்.

ஜூலை 22, செவ்வாய்

செல்லச்சாமியைக் காணவில்லை.

திங்கள் விடிகாலையில் அவன் தங்கியிருந்த லொட்ஜைச் சுற்றிவளைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பொடியன்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எந்த லொறி, எந்தப் பொலிஸ், ஒன்றும் தெரியாது. சித்தி எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தவள் எழும்பவே இல்லை.

நான் கேட்டதற்காகத்தான் அவன் அங்கே நின்றான். இதை யாரிடமும் சொல்லவில்லை. சித்திக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டித் தொலைச்சா என்ன சித்தி?

ஜூலை 30

கொழும்பில் மூன்று பொலிஸ். பேர் இல்லை. இல்லை. இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றைக்கு நாலாவது. சித்திக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும், அதனால் நான்தான் பேசினேன். மேசையில் இருந்தவர் பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், "இல்லை" என்றார். அவருக்கு முன்னால் தடித்த புத்தகம் ஒன்று மூடிக் கிடந்தது. அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பை. கோப்பையை அவர் தொடக்கூட இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! "பார்த்துவிட்டு இல்லை என்கிறீர்களா, பார்க்காமலே இல்லை என்கிறீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன் போலிருக்கிறது, பின்னால் நின்ற சனம் எல்லாம் எட்டிப் பார்த்தது.

அவர் கோபப்படவில்லை. களைத்த மனுசன். "ரெண்டும் ஒன்றுதானே மிஸ்" என்றார்.

சித்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா புள்ள, போவம். அவுங்க இல்லன்னு சொல்றாங்க." வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்று கத்தினேன்: "இல்லன்னு சொல்லல சித்தி, அவுங்க தேடவே இல்ல! தேடாம எப்பிடி இல்லன்னு சொல்லலாம்?" சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இருக்கலாம்ங்கிறியா?" என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கத்தினது என் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. தேடாமல் எப்படி இல்லை என்று சொல்லலாம்? கேகாலை தாண்டும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளை எந்தத் துண்டில் இருந்தார்?

ஆகஸ்ட் 6, புதன்

வெள்ளி-காலை.

பலீல் நானா கடை திறக்கும் முன்பே போய் ஷட்டருக்கு முன்னால் நின்றேன். உள்ளே போய்ப் பார்த்தால்: ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக் காலைத் துண்டுக்கும் பதில் கோப்பு இருக்கிறது. எல்லாம் வெறுமை. மற்ற நாளின் லுஹர் நேரத்துக்கு அளந்து வெட்டிய துண்டு, ஜும்ஆவுக்கு அவர் பதினொன்றரைக்கே மெயினை இறக்குகிறார். தேடல் பாதியில் செத்துப்போகிறது. தொடங்கியபோது திறந்த கோப்பு மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. கரண்ட் வந்ததும் என் அருமை நிரல் பார்க்கிறது: கோப்பு இருக்கிறதா? இருக்கிறது. முடிந்தது, அடுத்தது! அதற்குப் பிறகு நான் பார்க்கிறேன்: ஒன்றும் இல்லையா? அப்படியென்றால் மனிதனிடம் இல்லை!

மாப்பிள்ளையை மட்டும் தனியாக எடுத்து மனிதனோடு ஒப்பிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மனிதனிடம் இருக்கிறது. தூரத்துச் சாயல் இல்லை, அண்ணன் தம்பி மாதிரி. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்கிறது. அவரை அடிக்கிற மருந்து நம் ஈரலையும் சேர்த்து அடிக்கும்.

கொழும்பில் அந்த மனுசன்மேல் பாய்ந்தேனே. என் மேசையிலும் மூடின புத்தகமும் தேத்தண்ணிக் கோப்பையும்தான்.

ஆகஸ்ட் 6, பின்னேரம்

பலீல் நானாவிடம் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. சுவிட்ச் அவருடையது, நிரல் என்னுடையது. அவர் முகம் சிறுத்துப்போய், "எனக்கு வெளங்கல்ல தங்கச்சி, நான் என்னத்த ஒடச்சிட்டேன்?" என்று கேட்டார். அழுகையாக வந்தது. கீழே இறங்கிக் கராம்பு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். லாபிர் வந்து பார்த்துவிட்டு, ஒரு பிளேன்டீ வைத்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மேடத்திடம் சொன்னேன். சொல்வதற்கு முன் பஸ்ஸில் பத்து விதமாக ஒத்திகை பார்த்தேன். கடைசியில் "மனிதனிடம் இருக்கிறது மேடம், நான் தேடவே இல்லை" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

அவர் மின்னஞ்சல் போட்டு நாலு வாரம் ஆகிறது. அந்த ஆய்வுகூடம் வேலையைத் தொடங்கியேவிட்டதாம். "நான் இப்போது அவர்களுக்கு என்ன எழுதுவது? பள்ளிவாசலுக்குப் போன மனிதர் லைட்டை அணைத்துவிட்டார் என்றா?" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். அதற்குப் பிறகு, "செப்டெம்பருக்குள் ஏதாவது இருந்தால் கொண்டுவா" என்றார். ஏதாவது இருந்தால்!

ஆகஸ்ட் 13

ராத்தல் கணக்கில் எரிச்சல். சித்தி கேட்கிறாள், அம்மா கேட்கிறாள், லயத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். செல்லச்சாமி? தெரியாது. உன் படிப்பு? தெரியாது. நாளைக்கு மழை வருமா என்றாவது யாராவது கேளுங்கப்பா.

ஆகஸ்ட் 18, திங்கள்

இனி "இருக்கிறானா?" என்று கேட்பதில்லை என்று சித்தியிடம் சொன்னேன். அப்படிக் கேட்டால் "இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். அதனால் லொட்ஜிலிருந்து தொடங்கினோம். அங்கே எந்த வாகனம் வந்தது, யார் யாரை ஏற்றினார்கள், அந்த மற்றப் பொடியன்களின் வீட்டுக்காரர் எங்கே? செல்லச்சாமியின் கடை முதலாளி முதலில் வாயே திறக்கவில்லை. சித்தி அவர் கடை வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வந்துபோகிற ஆட்கள் பார்க்கத் தொடங்கினதும், பதுளைப் பக்கம் கணபதி என்பவரின் நம்பரைக் கொடுத்தார். அவருடைய மகனும் அதே லொட்ஜ்தான்.

கணபதி ஐயா ஃபோனில் சொன்னார்: "அங்கன எடம் பத்தலன்னு அன்னிக்கே தெக்க இருக்கிற தடுப்பு முகாமுக்கு மாத்திட்டாங்கம்மா. எம்மவன் அங்கதான் இருக்கான். ஒங்க தம்பி இருக்கானான்னு அடுத்த தடவ போறப்ப கேக்கிறேன்."

"கேக்க வேணாம் ஐயா," என்றேன். "உங்க மகனப் பாக்கச் சொல்லுங்க. கண்ணால பாக்கச் சொல்லுங்க."

ஆகஸ்ட் 27, புதன்

பார்த்திருக்கிறான். இருக்கிறான்.

சித்தி சோறு தின்றாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முகாமுக்குப் போய்வந்தோம். தூரத்திலிருந்துதான் பார்க்க விட்டார்கள். கையைத் தூக்கினான், வலது கையை மட்டும். வழக்கைப் பார்க்க ஒரு லோயர் அகப்பட்டிருக்கிறார். கொழும்பில் தங்குவதைப் பொலிஸில் பதியாததுதான் காரணம், விட்டுவிடுவார்கள் என்கிறார். எப்போது என்று கேட்டால் மேலே பார்க்கிறார்.

செப்டெம்பர் 3, புதன்

நோன்பு தொடங்கிவிட்டது. என் பதிவு முடியப்போகிறது. இன்று கடையில் சும்மா உட்கார்ந்து வெள்ளிக்கிழமைத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. மடச்சி, சல்லடை இரண்டல்லவா! இரண்டாவதில் வெற்றுக் கோப்பு என்றால், மனிதனிடம் இல்லை என்று தப்பாக உள்ளே எடுத்தேன். முதலாவதிலும் வெள்ளிக்கிழமைகள் இருந்தனவே? அங்கே வெற்றுக் கோப்பு என்றால், சொந்தக்காரர்களிடம் இல்லை என்று தப்பாக வெளியே எறிந்திருக்கிறேன். தேடாமலே எறிந்திருக்கிறேன். அந்தக் குப்பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

நிரலைத் திருத்தினேன். இனிக் கடைசி வரியில் "முடிந்தது" என்று எழுதியிருந்தால்தான் முடிந்தது.

மனிதனின் பழைய சீடியே போதும் இப்போதைக்கு. புதியது செல்லச்சாமியோடு போனது போனதுதான்.

செப்டெம்பர் 5, வெள்ளி

பலீல் நானா பதினொன்றரைக்கு எழும்பினார். சுவிட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு ஆளனுப்பி மனைவி மஸூதாவை வரச் சொன்னார். "அவ இங்கன இருப்பா. வயருக்குக் காவல். எனக்கும் பள்ளில நெனப்பு அங்கால இங்கால போகாது."

மஸூதா அக்கா நோன்போடு, தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு, மெயின் சுவிட்சுக்கு நேர் எதிரே கதிரை போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இது சுடுற வாசமா, கராம்பு வாசமா?" கராம்புதான் அக்கா. வெள்ளி-காலை முதல் தடவையாக முடிந்தது.

செப்டெம்பர் 12, வெள்ளி

குப்பையிலிருந்து மூன்று வந்தன. இரண்டு மனிதனிடம் உண்டு. மூன்றாவது—

உடனே எழுத மாட்டேன். மறுபடி ஓட்டுகிறேன்.

செப்டெம்பர் 15, திங்கள்

மூன்று விதமாக ஓட்டினேன். சொந்தக்காரர் எல்லோரிடமும் இருக்கிறது. மனிதனிடம் இல்லை. தேடி, முடித்து, இல்லை. வம்ச மரம் போட்டுப் பார்த்தால் அது நம் பக்கக் கிளையிலேயே உட்காரவில்லை. பாக்டீரியாக்கள் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. என்றோ ஒரு காலத்தில் அந்த ஒட்டுண்ணி பாக்டீரியாவிடமிருந்து எடுத்து, அதையே நம்பிப் பிழைத்து, இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறது. பார்க்க அழகில்லை. மாப்பிள்ளை அளவுக்குச் சுத்தமும் இல்லை, அங்கங்கே மாறியிருக்கிறது. பெயர் வைக்கவில்லை. பயமாக இருக்கிறது.

செப்டெம்பர் 22, திங்கள்

மேடம் எல்லாக் கோப்புகளையும் தானே திறந்து பார்த்தார். ஒவ்வொன்றின் கடைசி வரியையும். "இது இலக்கு என்று சொல்லமாட்டேன், இலக்காக இருக்கலாம் என்று சொல்வேன்" என்றார். கூட்டத்தில் அப்படியே சொல்லியும் இருக்கிறார். ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வுகூடம் இந்தத் தடவை தங்கள் கையாலேயே ஒரு முறை தேடிவிட்டுத்தான் தொடுவார்களாம். நியாயம்தான். எரிச்சலாகவும் இருக்கிறது, நியாயமாகவும் இருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

செல்லச்சாமி வந்துவிட்டான்.

பாதி ஆளாக வந்திருக்கிறான். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஏன் என்று சித்தி கேட்டாள், "படுத்த வாக்கும்மா" என்றான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மஸூதா அக்கா பெருநாள் வட்டிலப்பத்தில் எடுத்துவைத்த பங்கை அனுப்பியிருந்தார். அதை முழுதும் தின்றான்.

எல்லோரும் வெளியே போன பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, அந்தப் புது சீடிய எடுத்துக்கிட்டாங்க" என்றான், என்னவோ அவன் தொலைத்துவிட்ட மாதிரி. அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாகப் பெரிய எழுத்துக்கள், ஒன்றும் விளங்காது. யாருக்கு அனுப்புகிற ரகசியம் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். இது மனுசன், எங்கள் அக்கா புண்ணுக்கு மருந்து தேடுகிறாள் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். அவன் தோளைப் பார்க்க முடியவில்லை.

"அப்பறம் ஒரு நாளு கேள்வி கேட்டவங்கள்ல ஒருத்தன் மட்டும் தனியா வந்தான்" என்றான். "சட்டக் கைய மடிச்சுக் காட்டினான். முழங்கையில அதே புண்ணு அக்கா, நீங்க ஃபோட்டோல காட்டினிங்களே, அதே மாதிரி. வடக்குல டூட்டில இருந்தப்ப வந்திச்சாம். ஊசி போட்டு ஊசி போட்டு வெறுத்துட்டானாம். ஒங்கக்கா மருந்து எப்ப வரும்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"அக்கா இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன். சரிதானே?"

சரிதான் என்றேன்.

நாளைக்குத் திங்கள். பலீல் நானா எட்டரைக்குத் திறப்பார்.